பிரைமிங் செய்த மிளகாய் வித்தில் கலப்பிரிவு ஏன் கண்ணில் படுவதில்லை, அதை எப்படி அளப்பது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எம்.ஐ. 2 என்ற மிளகாய் வகையின் வித்தை, முளைக்காத அளவுக்கு மட்டும் நனையும்படி (இதுதான் பிரைமிங்) பெக் 6000 எனும் பொலியெதிலீன் கிளைக்கோல் கரைசலில் ஆறு நாள் வைத்து எடுத்தாயிற்று. முளைவேர் நுனியை அசெற்றோகார்மைனில் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தால் பிரியும் கலம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே வித்து, பிரைமிங் செய்யாத வித்தைவிட முந்தி முளைக்கிறது. பிழை சாயத்திலா, பிரைமிங்கிலா, அளக்கும் முறையிலா? திருகோணமலையில் சாதாரண நுணுக்குக்காட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஒழுங்காக அளக்க முடியுமா?

மூன்றிலும் பிழை இல்லாமல் இருக்கலாம். பிரிவைத் தேடியதுதான் இடம் மாறிப்போயிருக்கிறது.

முதிர்ந்து உலர்ந்த மிளகாய், தக்காளி வித்துகளில் முளையத்தின் கலங்கள் பெரும்பாலும் ஜீ1 அவத்தையில், அதாவது டி.என்.ஏ. இரட்டிப்பாகுமுன் உள்ள கட்டத்தில், நின்றுவிட்டவை. அவற்றின் கருவில் உள்ள டி.என்.ஏ. அளவு 2சீ, அதாவது இரண்டு நிறமூர்த்தத் தொகுதிகளுக்குரிய அளவு. வித்து நீரை உறிஞ்சி இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது எடை ஏறாமல் நிற்கும் இடைக்காலத்துக்கு வந்ததும், முளைவேர் நுனியில் உள்ள கலங்கள் சில எஸ் அவத்தைக்குள் போய் டி.என்.ஏ.யை இரட்டிப்பாக்கி 4சீ ஆகின்றன. பிறகு ஜீ2 அவத்தையில் காத்து நிற்கின்றன. பிரைமிங் என்பதே வித்தை அந்த இரண்டாம் கட்டத்தில் பிடித்துவைப்பது. நீரழுத்தம் (நீர் வித்துக்குள் போகும் எளிமையின் அளவு; எதிர்க்குறி எண் பெரிதானால் நீர் போவது கடினம்) போதிய அளவு தாழ்ந்திருக்கும்வரை முளைவேர் வெளியே வராது. பெரும்பாலும் இழையுருப்பிரிவும், அதாவது கரு இரண்டாகப் பிரிவதும், நடக்காது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தக்காளி ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே காட்டியது: பிரசாரண நெருக்கடியில் டி.என்.ஏ. தொகுப்பும் நுண்புன்குழாய்க் கட்டமைப்பும் தொடர்ந்தன, கலப்பிரிவும் முளைவேர் வெளிவருவதும் மட்டும் தடைப்பட்டன. ஆகவே உங்கள் தகட்டில் கண்ட பூச்சியம் பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டிய பூச்சியம்.

இதனால்தான் ‘கலப்பிரிவை அளந்தேன்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். டி.என்.ஏ. இரட்டிப்பா, 4சீ கருக்களின் சேர்க்கையா, இழையுருப்பிரிவா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் கருவி வேறு, மாதிரி எடுக்கும் நேரமும் வேறு.

ஒரு விதிவிலக்கு. கரட், செலரி போன்றவற்றில் முளையம் சிறிதாக இருந்து வித்துக்குள்ளேயே வளர்ந்த பிறகுதான் முளைவேர் வெளியே வரும். அங்கே பிரைமிங் காலத்திலேயே உண்மையான கலப்பிரிவு நடக்கும். முளையத்தின் நீளத்தை அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மிளகாய், தக்காளி, கத்தரிக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

முதலில் கரைசலைச் சரிபாருங்கள்

கருக்களை எண்ணப் போவதற்கு முன் பிரைமிங் எவ்வளவு நீரழுத்தத்தில் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் பலரின் தரவு கெட்டுப்போகிறது. பெக் 6000க்கு எல்லோரும் பயன்படுத்துவது 1973இல் மிச்செலும் கௌஃப்மனும் வெளியிட்ட சமன்பாடு. அதன்படி 25 பாகை செல்சியசில் −1.0 மெகாபஸ்காலுக்கு ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 296 கிராம் பெக் வேண்டும், −1.5க்கு ஏறத்தாழ 368 கிராம். ‘ஒரு கிலோகிராம் நீருக்கு’ என்பதைக் கவனியுங்கள். 296 கிராமைப் போட்டு அளவுக்குடுவையில் ஒரு லீற்றர் வரை நிரப்பினால், பெக்கே கால் லீற்றர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நீர் குறைந்து, கரைசல் −1.7 மெகாபஸ்கால் அளவுக்குப் போய்விடும். அந்த அழுத்தத்தில் 4சீ ஏறாவிட்டால் வித்தைக் குறை சொல்ல முடியாது.

வெப்பநிலையும் சமன்பாட்டுக்குள் இருக்கிறது. 25 பாகைக்குக் கணக்கிட்ட அதே 296 கிராம் கரைசல், 30 பாகை அறையில் ஏறத்தாழ −0.93 மெகாபஸ்கால் ஆகிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும் நாட்களில் திருகோணமலையில் மின்விசிறி மட்டும் உள்ள ஆய்வுகூடம் 30 பாகையை எளிதாகத் தாண்டும். வெப்பநிலை கூடினால் கலவட்டமும் வேகமாகிறது, கரைசலின் பிடியும் தளர்கிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால், வளர்ப்பறை இல்லாமல் செய்த பரிசோதனையில் சில வித்துகள் கரைசலுக்குள்ளேயே முளைவேரை நீட்டிவிடும். வளர்ப்பறை இருந்தாலும் மின்வெட்டு நேரத்தைப் பதியும் வெப்பநிலைப் பதிவி ஒன்றை உள்ளே வையுங்கள்.

பெக் கரைசலில் ஓட்சிசன் குறைவாகவே கரையும். 5 கிராம் வித்துக்கு 100 மி.லீ. கரைசல் எடுத்து, மீன்தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பால் குமிழ் விடுங்கள். பெத்திரிக் கிண்ணத்தில் வடிதாள் மேல் செய்வதானால் தாளுக்கு ஏற்ற அளவைவிடக் கூடுதலாகக் கரைசல் ஊற்ற வேண்டும். தாளின் இழை நீரை எடுத்துக்கொண்டு பெரிய பெக் மூலக்கூறை வெளியே விடுவதால், எஞ்சும் கரைசல் நீங்கள் நினைத்ததைவிடச் செறிவாகிறது. நீரில் மட்டும் ஊறவைக்கும் பிரைமிங்கில் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். மின்கடத்துதிறன் மீற்றருக்கு ஒரு டெசிசீமன் கூடும்போது பிரசாரண அழுத்தம் ஏறத்தாழ 0.036 மெகாபஸ்கால் இறங்குகிறது. தொகை சிறியதுதான். ஆனால் மாரியிலும் கோடையிலும் ஒரே கிணறு வெவ்வேறு உப்பு காட்டும் என்பதால் பரிசோதனையைத் திரும்பச் செய்யும்போது ஒத்துவராது. காய்ச்சி வடித்த நீரே போதும்.

மாதிரி எடுப்பது

கரைசலிலிருந்து எடுத்த வித்தை இரண்டு நிமிடத்துக்குள் கழுவி முடியுங்கள். பெக்கின் வழுவழுப்பு போகட்டும் என்று அரை மணி நேரம் நீரில் போட்டுவைத்தால் பிரைமிங் தடை அங்கேயே நீங்கிவிடும். ஏற்கெனவே முளைவேர் நீட்டிய வித்துகளை வேறாக எண்ணிப் பதிந்து, மாதிரியிலிருந்து விலக்குங்கள். நூறில் நான்கு முளைத்த வித்து சேர்ந்துவிட்டாலே 4சீ விகிதம் பொய்யாகத் தூக்கிக் காட்டும்.

மிளகாய் முளையம் சுருண்டு கிடக்கும். முளைவேர் நுனி தழும்பின் அருகில், விளிம்பை ஒட்டி இருக்கும். வித்தின் விளிம்பைக் கூரிய அலகால் கீறி, இரண்டு ஊசிகளால் முளையத்தை முழுதாக உருவி எடுத்து, நுனியிலிருந்து 1 மி.மீ. மட்டும் வெட்டுங்கள். வித்திலைகளைச் சேர்க்காதீர்கள். அங்கே கலவட்டம் மிகப் பிந்தித்தான் தொடங்குகிறது. சேர்த்தால் நுனியில் நடந்த மாற்றம் 2சீ கூட்டத்துக்குள் கரைந்துபோகும். உலர்ந்த கட்டுப்பாட்டு வித்து உடைந்து தொல்லை தந்தால் 4 பாகை குளிர்நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் மென்மையாக்கலாம். அந்தக் குளிரில் டி.என்.ஏ. தொகுப்பு தொடங்காது.

உருவி எடுப்பது சிரமமென்று வித்தின் நுனிப் பக்கத்தை அப்படியே வெட்டிச் சேர்ப்பவர்கள் உண்டு. முளையத்தைச் சூழ்ந்து உணவு சேமித்திருக்கும் வித்தகவிழையம் மும்மடியம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதன் கருக்கள் 3சீ, இரட்டிப்பானால் 6சீ. 2சீக்கும் 4சீக்கும் நடுவில் 3சீ வந்து உட்கார்ந்தால் அதை எஸ் அவத்தை என்று வாசித்துவிடுவீர்கள். நெல்லில் இந்தக் குழப்பம் குறைவு. மாப்பொருள் நிறைந்த பகுதி இறந்த கலங்களாலானது. அலூரோன் படை மட்டும் உயிரோடு இருக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு நிலைகளில் மாதிரி எடுங்கள்: உலர்ந்த வித்து, பிரைமிங் முடிந்த கணம், மீண்டும் உலர்த்திய பின், நீரில் முளைக்கவிட்டு முளைவேர் 2 முதல் 3 மி.மீ. நீண்ட பின். கடைசி நிலைதான் உங்கள் சாயம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. அதில் பிரியும் கலங்கள் தெரியாவிட்டால் முந்திய பூச்சியங்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை. இன்னொரு சான்று இன்னும் எளிது: குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் ஒன்றைத் தண்ணீர் நிறைந்த குவளையின் வாயில் வைத்து, இரண்டு மூன்று நாளில் விடும் வேர்களை அதே நாளில், அதே சாயத்தில், அதே ஆள் நசுக்கிப் பார்க்கட்டும். 16 பெரிய நிறமூர்த்தங்கள், தவறவிடவே முடியாது. மிளகாய்க்கு 24, அவை வெங்காயத்தினதைவிடச் சிறியவை.

மீண்டும் உலர்த்துவது மாரியில் தலைவலி. ஐப்பசி முதல் தை வரை காற்றில் ஈரம் கூடி இருக்கும்போது மேசையில் பரப்பிய வித்து உலராமல் அரைகுறை ஈரத்தோடு நிற்கும். கலவட்டம் நிற்காது, பூஞ்சணமும் பிடிக்கும். மூடிய சாடியில் சிலிக்கா ஜெல்லுக்கு மேல் வலைத்தட்டில் வைத்து, வித்து தன் தொடக்க எடைக்குத் திரும்பும்வரை நிறுத்துக்கொண்டே இருங்கள். ஈரப்பதத்தை உறுதிப்படுத்த மிளகாய்க்கு 103 பாகையில் 17 மணி நேர அடுப்பு முறை. தக்காளியில் பிரைமிங்கால் ஏறிய 4சீ விகிதம் இவ்வாறு உலர்த்திய பிறகும் குறையாமல் நின்றிருக்கிறது. இது நடைமுறைக்கு ஒரு வசதி: கருவி வேறு ஊரில் இருந்தால் உலர்ந்த வித்தையே உறையில் போட்டுக் கொண்டுபோகலாம்.

நுணுக்குக்காட்டி மட்டும் இருந்தால்

வித்தை முழுதாகப் பதப்படுத்தியில் போடாதீர்கள். வித்துறை வழியே அது நேரத்துக்கு உள்ளே போகாது. உருவிய முளையத்தை, மூன்று பங்கு எதனோலுக்கு ஒரு பங்கு பளிங்கசற்றிக் அமிலம் என்ற விகிதத்தில் அன்றன்று கலந்த கரைசலில் 24 மணி நேரம் வைத்து, 70 சதவீத எதனோலுக்கு மாற்றி 4 பாகையில் சேமிக்கலாம். எண்ணெய் நிறைந்த முளையத்துக்கு இன்னொரு நாள் கூடுதலாக வைத்தால் தகடு தெளிவாக வரும்.

அசெற்றோகார்மைன் வெங்காய வேருக்கு நல்லது. வித்து முளையத்துக்கு அவ்வளவு பொருந்தாது. முளையக் கலங்கள் புரத மணிகளால் நிரம்பியவை. குழியவுருவும் சேர்ந்து சிவந்து கரு மறைந்துபோகும். ஃபொயில்கன் சாயத்துக்கு மாறுங்கள். அது டி.என்.ஏ.யை மட்டுமே பிடிக்கும், பிடிக்கும் அளவும் டி.என்.ஏ.யின் அளவுக்கு நேர்விகிதம். நீராற்பகுப்புக்கு இரண்டு வழி: 1 நோர்மல் ஐதரோக்குளோரிக் அமிலம் 60 பாகையில் 8 முதல் 10 நிமிடம், அல்லது 5 நோர்மல் 25 பாகையில் 40 முதல் 60 நிமிடம். பிரியும் கலத்தை எண்ண மட்டும் என்றால் முதலாவது போதும். டி.என்.ஏ. அளவையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான். அதில் உச்சச் சாயமேற்றம் நெடுநேரம் மட்டமாக நிற்பதால் ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் பாதகமில்லை. அதற்கும் நீர்த்தொட்டி வேண்டும்: 31 பாகை அறையில் நேரம் சுருங்கிவிடும். 10 நிமிட இடைவெளியில் மாதிரி எடுத்து எங்கே மட்டமாகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் அந்த அமிலத்துக்கு அதுவே போதும். பிறகு குளிர்ந்த நீரில் கழுவி, சிஃப் கரைசலில் இருட்டில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். சிஃப் கரைசல் போத்தலிலேயே இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஊற்றிவிடுங்கள். கலங்கள் பிரியாமல் கட்டியாக நின்றால், 1 முதல் 2 சதவீத பெக்றினேசு, செலுலேசுக் கலவையில் 37 பாகையில் அரை மணி நேரம் வைத்து, 45 சதவீத அசற்றிக் அமிலத்துளியில் நசுக்குங்கள்.

எண்ணும்போது பிரிவின் முதற்கட்டமான முன்னவத்தையை விட்டுவிடுங்கள். உலர்ந்த வித்தின் கருவில் நிறமூர்த்தப்பொருள் நெருங்கித் திரண்டிருப்பதால் பழகாத கண்ணுக்கு அது முன்னவத்தை போலவே தெரியும். இதனால் ‘உலர்ந்த வித்திலும் இழையுருப்பிரிவு கண்டேன்’ என்று எழுதி மாட்டிக்கொள்ள நேரும். அதற்கு அடுத்து வரும் அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை மூன்றையும் மட்டும் எண்ணி, ஒரு நுனிக்குக் குறைந்தது 1000 கலம் பாருங்கள்.

பூச்சியம் வந்தால் அதையும் எண்ணால் சொல்லலாம். 3000 கலத்தில் ஒன்றும் இல்லையென்றால், உண்மையான விகிதம் 0.1 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு எழுதலாம். மூன்றை எண்ணிக்கையால் வகுப்பதுதான் விதி. ஒரே கணத்தில் எடுத்த படத்தில் பிரிவு தப்பிவிடக்கூடும் என்ற ஐயம் இருந்தால், பிரைமிங்கின் கடைசி 4 முதல் 6 மணி நேரம் அதே நீரழுத்தமுள்ள கரைசலில் 0.05 சதவீத கொல்சிசீன் சேருங்கள். அந்த இடைவெளியில் பிரிவுக்குள் நுழைந்த கலம் எல்லாம் அனுவவத்தையில் சிக்கிக் குவியும். அப்போதும் பூச்சியமே என்றால் அது வலுவான பூச்சியம். கொல்சிசீன் கொடிய நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கழிவைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. அதை நாள்கணக்கில் விட்டால் கலங்கள் பிரியாமலே அடுத்த வட்டத்துக்கு நழுவி 8சீ ஆகும், அளவே குழம்பிவிடும்.

இனி 4சீ விகிதம். இதற்குப் பெரிய கருவிதான் வேண்டும் என்பதில்லை. ஃபொயில்கன் தகட்டை, 550 முதல் 570 நானோமீற்றர் ஒளியை விடும் பச்சை வடிப்பானோடு படமெடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கருவின் ஒளியடர்த்தியையும் படப்புள்ளி வாரியாகக் கூட்டினால் டி.என்.ஏ. அளவு கிடைக்கும். கமெராவின் தானியங்கு வெளிச்சச் சரிப்படுத்தலை அணைத்து, சுருக்காத வடிவத்தில் சேமிக்க வேண்டும்; கைத்தொலைபேசிப் படம் உதவாது, அது உங்களைக் கேட்காமலே மாறுபாட்டைத் திருத்திவிடும். தகட்டின் வெறுமையான இடத்தைப் பின்னணியாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பின்னணி ஒளியைப் புள்ளி ஒளியால் வகுத்து மடக்கை எடுத்துக் கூட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கருக்களை விடுங்கள்.

அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதே தொகுதியில் சாயமேற்றிய, 2 மி.மீ. முளைவேர் நீண்ட வித்தின் தகட்டில், ஈற்றவத்தையின் ஒவ்வொரு பாதியும் 2சீ. அனுவவத்தைத் தொகுதி 4சீ. இவை இரண்டின் சராசரி விகிதம் 2க்கு அருகில் வராவிட்டால் அந்தத் தொகுதியை எறிந்துவிட்டு நீராற்பகுப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். வந்தால், ஒரு நுனிக்குக் குறைந்தது 100 கரு அளந்து, 4சீ கருக்களை 2சீ, 4சீ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். நடுவில் விழுபவை எஸ் அவத்தையாக இருக்கலாம், அளவீட்டுப் பிசகாகவும் இருக்கலாம். இந்த முறையில் இரண்டையும் பிரிக்க முடியாது, பிரித்ததாக எழுதவும் வேண்டாம்.

புளோ சைட்டோமீற்றர் கிடைத்தால்

இது கருக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவற்றின் ஒளிர்வை அளக்கும் கருவி. வேலை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கும். 10 முதல் 15 முளைவேர் நுனிகளை, பனிக்கட்டி மேல் வைத்த கிண்ணத்தில் அரை மி.லீ. தாங்கற்கரைசலோடு புதிய சவர அலகால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நறுக்குங்கள். பழைய அலகு கருவை நசித்துத் துகளாக்கும். கூடுதலாக நறுக்கினாலும் அதேதான். கல்பிரெய்த் தாங்கற்கரைசல் பெரும்பாலும் போதும்: 45 மில்லிமோலர் மக்னீசியம் குளோரைட்டு, 30 மில்லிமோலர் சோடியம் சித்திரேற்று, 20 மில்லிமோலர் மொப்ஸ், 0.1 சதவீத ட்ரைற்றன் எக்ஸ்-100, பீஎச் 7.0. கபிலநிறம் ஏறினால் 1 சதவீத பொலிவைனைல்பைரோலிடோன் சேருங்கள். 30 முதல் 42 மைக்கிரோமீற்றர் நைலோன் வலையில் வடித்துச் சாயம் சேர்க்க வேண்டும்.

எந்தச் சாயம் என்பதைக் கருவியின் லேசர் தீர்மானிக்கும். மருத்துவ ஆய்வுகூடங்களில் குருதிக்கு வைத்திருக்கும் கருவிகளில் 488 நானோமீற்றர் நீல லேசர் இருக்கும். அதற்கு புரோப்பிடியம் அயோடைட்டு, மி.லீ.க்கு 50 மைக்கிரோகிராம். அது ஆர்.என்.ஏ.யையும் பிடிக்கும் என்பதால் ஆர்.என்.ஏசு நொதியம் அதே அளவில் கட்டாயம். டாபி சாயத்துக்கு நொதியம் தேவையில்லை, ஆனால் புறஊதா அல்லது ஊதா ஒளிமூலம் உள்ள கருவி வேண்டும்.

2சீ உச்சியை நேரளவில் 200ஆம் அலைவரிசையில் நிறுத்துங்கள். 4சீ 400க்கு அருகில் விழும். உச்சியின் மாறல் குணகம் 5 சதவீதத்துக்குள், இரு உச்சிகளிலும் சேர்த்துக் குறைந்தது 5000 கரு, ஓட்டம் வினாடிக்கு 100 கருவுக்குக் கீழே. ஓட்டத்தைக் கூட்டினால் இரண்டு 2சீ கருக்கள் ஒட்டியபடி போய் 4சீ என்று பதிவாகும். பிரைமிங் ஆய்வில் மிக ஆபத்தான பொய் இதுதான், ஏனென்றால் அது நீங்கள் காண விரும்பும் விடையையே தருகிறது. துடிப்பின் பரப்பையும் அகலத்தையும் எதிரெதிரே வரைந்து ஒட்டிய கருக்களை விலக்குங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: முளையம் மட்டும் உள்ள மாதிரியில் 600இல் ஒரு மேடு தெரிந்தால், மூன்று 2சீ கருக்களோ, ஒரு 2சீயும் ஒரு 4சீயுமோ ஒட்டி வருகின்றன; அப்படியானால் 400இலும் ஒட்டிய 2சீ கருக்கள் இருக்கும். 300இலும் மேடு இருந்தால் வித்தகவிழையம் கலந்துவிட்டது. உலர்ந்த வித்தின் 2சீ உச்சி, நனைந்த வித்தினதைவிடச் சற்று இடப்பக்கம் தள்ளி விழலாம். திரண்ட கருவுக்குள் சாயம் எளிதில் நுழையாததன் விளைவு அது, டி.என்.ஏ. குறைவல்ல.

உலர்ந்த கட்டுப்பாட்டிலேயே 4சீ கணிசமாக இருந்தால் இரண்டு காரணம் தேடுங்கள். சீனிப்பீற் போன்ற சில இனங்களில் அது இயல்பு. மிளகாயில் என்றால் காய் முற்றாமல் பறித்த வித்தாக இருக்கலாம். முழுதாகச் சிவந்த காயிலிருந்து எடுத்த தொகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கலம் எப்போது டி.என்.ஏ.யை இரட்டிப்பாக்கியது என்று இடத்தோடு காண வேண்டுமென்றால், புதிதாக உருவாகும் டி.என்.ஏ.யில் சேர்ந்துகொள்ளும் ஈடியூ என்ற பொருள் இருக்கிறது. 10 மைக்கிரோமோலர் ஈடியூவில் உருவிய முளையத்தை ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, 4 சதவீத பரபோமல்டிகைட்டில் பதப்படுத்தி, செப்பு ஊக்கியோடு ஒளிரும் அசைட்டைப் பிணைத்தால் எஸ் அவத்தைக் கருக்கள் ஒளிரும். பழைய பிஆர்டியூ முறையைப் போல அமிலத்தால் டி.என்.ஏ.யைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் விலை கூட, புளோரொளிர் நுணுக்குக்காட்டியும் வேண்டும். வித்து நனைந்த முதல் மணித்தியாலங்களில் நடக்கும் டி.என்.ஏ. தொகுப்பு பெரும்பாலும் சேதம் திருத்துவதும், இழைமணி டி.என்.ஏ. பெருகுவதுமே. கருவில் மங்கிய புள்ளிகளாகவோ குழியவுருவில் தூவலாகவோ தெரிவதை இரட்டிப்பு என்று எண்ணக்கூடாது. கரு முழுதும் ஒளிர வேண்டும்.

எண்ணிக்கையின் அலகு

5000 கரு அளந்ததால் உங்கள் மாதிரியின் அளவு 5000 ஆகிவிடாது. ஒரே சாடியில் ஊறிய வித்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு பிரதி. −1.0க்கு ஒரு சாடி, −1.5க்கு ஒரு சாடி என்று வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் பத்து முளையம் எடுத்தால் உங்களிடம் உள்ளது பரிகரணத்துக்கு ஒரே பிரதி. ஒவ்வொரு பரிகரணத்துக்கும் சாடிகள் நான்கு வேண்டும், தனித்தனியாகக் கலந்த கரைசலோடு. கையில் நேரம் இருந்தால் நுனிகளைத் தொகுக்காமல் ஒவ்வொரு முளையத்தையும் தனியே அளங்கள். ஒரு தொகுதியில் 4சீ சராசரி 15 சதவீதம் என்பது, எல்லா வித்தும் 15 என்பதாகவும் இருக்கலாம். பாதி வித்து 30, மீதி அசையவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். விவசாயிக்கு இந்த வேறுபாடு முக்கியம், ஏனெனில் இரண்டாவது நாற்றுமேடையில் ஏற்றத்தாழ்வாக முளைக்கும். கூடவே அதே சாடி வித்தில் 100 வித்து வீதம் நான்கு கிண்ணத்தில் முளைப்புச் சோதனை வைத்து, பாதி வித்து முளைக்க எடுத்த நேரத்தையும் குறியுங்கள்.

விடையை வாசிப்பது

4சீ ஏறி, பிரிவு பூச்சியமாக இருந்து, முளைப்பு முந்தினால் அது வழமையான, ஆரோக்கியமான முடிவு. உங்கள் வித்து இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன், 4சீயை அளந்து பார்த்த பிறகு.

4சீ ஏறாமலே முளைப்பு முந்தினாலும் பதறாதீர்கள். தக்காளியில் கலவட்டம் நகராமலே பிரைமிங் முளைப்பை முந்தச் செய்யும் என்று 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். முளைவேரை மறித்து நிற்பது அதன் முன்னால் உள்ள வித்தகவிழைய மூடி. மன்னனேசு போன்ற நொதியங்கள் அதன் சுவரை மெலிவித்தால் போதும். இதன் மறுபக்கமும் உண்டு: 4சீ நன்றாக ஏறியிருந்தும் அந்த மூடி மெலியாவிட்டால் முளைப்பு முந்தாது. ஆகவே 4சீ விகிதத்தைப் பிரைமிங் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கான குறியாக எடுங்கள். முளைப்பு முந்தியதற்குக் காரணமாக எழுதாதீர்கள். ஆய்வறிக்கைப் பரீட்சகர் முதலில் கை வைக்கும் இடம் அது.

பிரைமிங் முடிவில் பிரியும் கலங்கள் உண்மையிலேயே தெரிந்தால் அதுதான் கவலை. வித்து எல்லையைத் தாண்டிவிட்டது. உலர்வைத் தாங்கும் திறன் குறையத் தொடங்கிய நேரத்தில் அதை உலர்த்தப் போகிறீர்கள். நீரழுத்தத்தை 0.2 அல்லது 0.3 மெகாபஸ்கால் இன்னும் தாழ்த்துங்கள், அல்லது ஒரு நாள் முன்னதாக நிறுத்துங்கள். உலர்த்திய வித்தை மீண்டும் முளைக்கவிட்டு, முளைவேர் 2 மி.மீ. ஆனதும் முதல் மேன்முக அவத்தைகளைப் பாருங்கள். இரு துருவத்துக்கும் இடையே பாலம்போல் இழுபடும் நிறமூர்த்தமோ, பின்தங்கிய துண்டுகளோ கட்டுப்பாட்டைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தத் தொகுதி விதைப்புக்கு ஆகாது, முளைப்பு வீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.